வாசகர் கேள்வி – பதில்: நகரும் லென்ஸ், சாயும் லென்ஸ்

என்னிடம் ஃபியூஜிஃபில்ம் எக்ஸ் மவுண்ட் மிரர்லெஸ் கேமராவும், அப்பா பயன்படுத்திய நிக்கான் 24 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. கோபுரங்களைப் படமெடுத்தால் பின்பக்கம் சாய்ந்து நிற்பதுபோல் வருகின்றன. வேறு நிறுவன லென்ஸைக் கேமராவில் பொருத்தி, அதைப் பக்கவாட்டிலோ மேலேயோ நகர்த்தவும் உதவும் ஷிஃப்ட் அடாப்டர் வாங்கினால் இது சரியாகுமா? கணினியிலேயே திருத்திக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். – ஒரு வாசகர், திருச்சி

சரியாகும். உங்களிடம் இருக்கும் கேமராவும் லென்ஸும் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமான இணை என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கோபுரம் சாய்வது லென்ஸின் குறை அன்று. கேமராவை அண்ணாந்து பிடிப்பதன் விளைவு. சென்சார் செங்குத்தாக நிற்கும்வரை, எதிரில் உள்ள செங்குத்துக் கோடுகளும் படத்தில் ஒன்றுக்கொன்று இணையாகவே விழும். ஆனால் கேமராவை அப்படி நேராகப் பிடித்தால் படத்தின் கீழ்ப்பாதியைத் தெருத்தரை நிரப்பிவிடும். கோபுரத்தின் கலசங்கள் சட்டத்துக்கு வெளியே போய்விடும். கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் சில மில்லிமீட்டர் மேலே நகர்த்தினால், தரை குறைந்து உச்சி சட்டத்துக்குள் வந்துவிடும். ஷிஃப்ட் என்பது இவ்வளவுதான்.

இதற்கு இரண்டு வசதிகள் வேண்டும். முதலாவது, அடாப்டருக்குள் நகரும் பாகங்களை வைக்க இடம். நிக்கான் எஃப் லென்ஸ், மவுண்டிலிருந்து (லென்ஸைப் பொருத்தும் வளையத்திலிருந்து) 46.5 மி.மீ. தொலைவில் பிம்பத்தை விழச்செய்யும்படி செய்யப்பட்டது. எக்ஸ் மவுண்டில் அந்தத் தொலைவு 17.7 மி.மீ. மட்டுமே. எஸ்.எல்.ஆர். கேமராவில் கண்ணாடி ஏறி இறங்கிய இடமான மீதி 28.8 மி.மீ. இப்போது அடாப்டருக்குக் கிடைக்கிறது. இரண்டாவது, நகர்த்தினாலும் சென்சாரை முழுவதுமாக மூடும் அளவுக்குப் பெரிய பிம்ப வட்டம், அதாவது லென்ஸ் உள்ளே விழச்செய்யும் வட்டமான பிம்பம். உங்கள் லென்ஸ் 36 × 24 மி.மீ. ஃபிலிமுக்காகச் செய்யப்பட்டது என்பதால் குறைந்தது 43 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தை உருவாக்குகிறது. உங்கள் சென்சாரோ 23.5 × 15.6 மி.மீ.; அதன் மூலைவிட்டம் 28 மி.மீ. மட்டுமே. இந்த உபரியால், கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்தால் ஏறத்தாழ 10 மி.மீ.யும், நெடுக்குவாட்டில் பிடித்தால் ஏறத்தாழ 8 மி.மீ.யும் லென்ஸை மேலே நகர்த்த முடியும்.

அந்த 8 மி.மீ. என்ன செய்யும் என்பதை உங்கள் ஊர்ப்பக்கத்துக் கோபுரத்தை வைத்தே கணக்கிட்டுப் பார்க்கலாம். 1987இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, அதாவது ஏறக்குறைய 72 மீட்டர் உயரம். கேமராவைச் சாய்க்காமல் நெடுக்குவாட்டில் வைத்து, 24 மி.மீ. லென்ஸில் அதன் உச்சி தெரிய வேண்டுமானால், ஷிஃப்ட் இல்லாத நிலையில் சுமார் 144 மீட்டர் பின்னால் போக வேண்டும். 8 மி.மீ. ஷிஃப்ட் செய்தால் 86 மீட்டர் போதும். கடைகளும் மின்கம்பிகளும் நெருங்கி நிற்கும் ஒரு கோயில் தெருவில் இந்த வித்தியாசம், படம் கிடைப்பதற்கும் கிடைக்காமல் போவதற்கும் இடையிலான வித்தியாசமாகவே இருக்கும்.

உங்கள் நண்பர் சொல்வது தவறில்லை. கைப்பேசித் திரையில் பார்க்கும் படத்துக்குக் கணினித் திருத்தமே போதும். ஆனாலும் கோபுரத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கோபுரம் இயல்பிலேயே மேலே செல்லச் செல்லக் குறுகும் கட்டடம். அண்ணாந்து எடுத்த படத்தில் ஸ்தபதி கொடுத்த குறுக்கமும் கேமரா சேர்த்த குறுக்கமும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. வாசலின் நிலைக்கால்களை ஆதாரமாகக் கொண்டு கணினியில் அதை நிமிர்த்தலாம்; ஆயினும் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தை அங்கே ஊகித்துத்தான் வைக்க வேண்டியிருக்கும், மேல்நிலைகளின் சுதைச் சிற்பங்களும் இழுபட்டுத் தெளிவை இழக்கும். கட்டியவர்கள் கணக்கிட்டு வைத்த விகிதத்தை உள்ளபடியே பதிவு செய்ய விரும்பினால், ஷிஃப்டுக்கு ஈடு இல்லை.

எடுக்கும்போது திரையில் தெரியும் மின்னணு மட்டத்தை இயக்கிவிட்டு, முதலில் கேமராவை மட்டமாக்குங்கள். அதன் பிறகே லென்ஸை நகர்த்துங்கள். வட்டத்தின் ஓரத்தில் லென்ஸின் கூர்மை குறையும் என்பதால் அபெர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை) எஃப் 8 அல்லது எஃப் 11 அளவுக்குச் சுருக்கி வைப்பது நல்லது. இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பிலுள்ள தஞ்சைப் பெரிய கோயில் போன்ற இடங்களில் ட்ரைபாட் வைக்க முன்அனுமதி பெற வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சோனி ஃபுல் ஃபிரேம் (36 × 24 மி.மீ. சென்சார்) கேமராவுக்கு இதே வகை அடாப்டரை வாங்கி, பழைய நிக்கான் லென்ஸைப் பொருத்தினேன். 4 மி.மீ. நகர்த்தியதுமே மூலைகள் கறுத்துவிடுகின்றன. அடாப்டர் பழுதா? – ஒரு வாசகர், கோவை

பழுது இல்லை. 43 மி.மீ. வட்டத்துக்குள் 43 மி.மீ. மூலைவிட்டமுள்ள சென்சாரை வைத்திருக்கிறீர்கள். நகர்வதற்கு உபரியே இல்லை. இதைச் சொல்லாமலே இந்த அடாப்டர்களை ஃபுல் ஃபிரேம்காரர்களுக்கு விற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செயல்.

வாங்கியது வீணாக வேண்டாம் என்றால், கேமராவை ஏ.பி.எஸ்.-சி அளவுக்கு (திருச்சி வாசகரின் சென்சார் போன்ற சிறிய அளவுக்கு) மாற்றிக்கொண்டு பயன்படுத்துங்கள். பிக்சல்கள் பாதிக்கும் கீழே குறைந்தாலும் ஷிஃப்ட் முழுமையாகக் கிடைக்கும். முழு சென்சாரும் வேண்டும் என்றால், மீடியம் ஃபார்மட் லென்ஸுக்கான, அதாவது இதைவிடப் பெரிய ஃபிலிமுக்காகச் செய்யப்பட்ட லென்ஸுக்கான ஷிஃப்ட் அடாப்டரை நாட வேண்டும். மமியா 645, பென்டகான் சிக்ஸ் கேமராக்களின் லென்ஸ்கள் ஏறத்தாழ 70 மி.மீ. அல்லது அதற்கும் பெரிய வட்டத்தை உருவாக்குபவை. அவற்றை 15 மி.மீ. வரை நகர்த்தினாலும் ஃபுல் ஃபிரேம் ஏறக்குறைய முழுதாக மூடப்படும். மமியாவை இடப்பக்கம் 14, வலப்பக்கம் 14 மி.மீ. நகர்த்தி எடுத்த படங்களை நடுப்படத்துடன் இணைத்தால், 64 × 24 மி.மீ. சென்சாரில் எடுத்ததற்கு ஈடான அகலப்படம் கிடைக்கும். அப்போது ட்ரைபாடை லென்ஸ் பக்கத்தில் பிணைத்து, கேமராவை நகர்த்துங்கள். லென்ஸ் நகர்ந்தால் அருகிலுள்ள தூணும் தொலைவிலுள்ள சுவரும் இணைப்பில் பொருந்தாமல் போகும்.

இதில் ஒரு குறை உண்டு. மமியாவின் பழைய கையியக்க வரிசையில், மீன்கண் லென்ஸை விட்டுவிட்டால், 35 மி.மீ.தான் மிக அகலமானது. குறுகிய தெருவில் நின்று கட்டடங்களை எடுப்பதே உங்கள் முதன்மைத் தேவை என்றால், அடாப்டரை மறந்துவிட்டு, 2009இல் வெளிவந்த கேனான் 17 மி.மீ. அல்லது 24 மி.மீ. டில்ட்-ஷிஃப்ட் (சாய்க்கவும் நகர்த்தவும் கூடிய) லென்ஸை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். இரண்டின் பிம்ப வட்டமும் 67.2 மி.மீ.; இரண்டும் 12 மி.மீ. வரை நகரும். சாதாரண மின்னணு அடாப்டர் வழியாகவே அவை உங்கள் கேமராவில் இயங்கும்.

நகைக்கடைக்குத் தட்டு தட்டாக நகைகளைப் படமெடுத்துத் தருகிறேன். எஃப் 16 வைத்தாலும் முன்வரிசையும் பின்வரிசையும் ஒன்றாகத் தெளிவாவதில்லை. டில்ட் உதவுமா? – ஒரு வாசகி, மதுரை

டில்ட் மிகச் சிறப்பாக உதவும் வேலைகளில் இது ஒன்று. லென்ஸும் சென்சாரும் இணையாக இருக்கும்போது தெளிவுத்தளமும் (படத்தில் கூர்மையாக விழும் பகுதியும்) அவற்றுக்கு இணையாகவே நிற்கும். லென்ஸைச் சாய்த்தால் அந்தத் தளமும் சாய்ந்து, தட்டின் மேற்பரப்பிலேயே படிந்துவிடும். பலூனிலிருந்து எடுத்த படங்களைத் திருத்த முயன்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷெய்ம்ஃப்ளுக் 1904ஆம் ஆண்டின் காப்புரிமையில் இதை விளக்கினார்; அவருக்கு முன்பே பிரான்சின் ஜூல் கார்ப்பான்டியே 1901இல் இந்த விதியைக் குறித்திருந்தார்.

எவ்வளவு சாய்ப்பது என்பதைக் கணக்கிடுவதும் எளிது. கேமரா தட்டை 45 பாகைக் கோணத்தில் பார்க்கிறது என்றால், லென்ஸின் குவியத் தொலைவைத் தட்டுக்கான தொலைவால் வகுத்தால் வரும் எண்தான் சாய்வுக்கோணத்தின் சைன் மதிப்பு. 50 மி.மீ. லென்ஸும் 60 செ.மீ. தொலைவும் என்றால் சாய்வு 5 பாகைக்குச் சற்றுக் குறைவு. லென்ஸின் முன்பக்கம் தட்டை நோக்கிக் கீழே சாய வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் அளவுக்கு மீறிச் சாய்த்துவிட்டு, டில்ட் வேலை செய்யவில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். அடாப்டரில் லென்ஸ் தன் நடுப்புள்ளியில் சாயாமல் பின்பக்கத்தில் சாய்வதால், ஒவ்வொரு முறையும் சட்டமும் ஃபோகஸும் சற்று மாறும். திரையைப் பெரிதாக்கி, முன்வரிசையில் ஃபோகஸ் செய்து, பின்வரிசை தெளிவாகும்வரை சாய்த்து, மீண்டும் முன்வரிசைக்கு வாருங்கள்; மூன்று நான்கு சுற்றுகளில் இரண்டும் ஒன்றாக நிலைபெறும். தட்டிலிருந்து உயர்ந்து நிற்கும் ஜிமிக்கி போன்றவை இந்தத் தளத்துக்கு வெளியே இருப்பதால், எஃப் 8 அளவுக்காவது அபெர்ச்சரைச் சுருக்கத்தான் வேண்டும்.

அடாப்டரில் கேனான் இ.எஃப். லென்ஸைப் பொருத்தினால் அபெர்ச்சரை மாற்ற முடியவில்லை, ஷட்டரும் இயங்கவில்லை. – ஒரு வாசகர், சேலம்

இ.எஃப். லென்ஸின் அபெர்ச்சர் மின்சாரத்தால் இயங்குவது. மின்தொடர்பு இல்லாத அடாப்டரில் அது முழுவதுமாகத் திறந்தே இருக்கும். அபெர்ச்சர் வளையமுள்ள பழைய லென்ஸ்களே இந்த வேலைக்கு ஏற்றவை. ஷட்டர் இயங்க, மெனுவில் லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க அனுமதிக்கும் அமைப்பை இயக்கிவிடுங்கள். கேமராவுக்குள் அதிர்வுத் தடுப்பு இருந்தால் லென்ஸின் குவியத் தொலைவைக் கையால் பதிவு செய்யுங்கள். ட்ரைபாடில் வைத்திருக்கும்போது அந்த அதிர்வுத் தடுப்பை நிறுத்திவிடுங்கள்.