போர்க்காலத்து ராணுவ டாக்டர்கள், பல் டாக்டர்கள் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள்?

எங்கள் தாத்தா நிறையச் சொல்லியிருக்கிறார். 1942-இல் ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்தபோது மற்ற தமிழர்களோடு எல்லையோர ஊரான தாமு வழியாக நடந்தே இந்தியாவுக்குப் போனவர், அங்கே ராணுவ மருத்துவப் பிரிவில் ஆர்டர்லியாக, அதாவது நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளராகச் சேர்ந்து, பிரிட்டிஷாரின் 14-ஆவது ராணுவத்தோடு திரும்பவும் பர்மாவுக்கே வந்து சேர்ந்தார். கடைசிவரை யாங்கோனில்தான் (அந்த ரங்கூன்தான்) இருந்தார்.

போர் என்றால் நமக்குக் குண்டடிதான் ஞாபகம் வரும், தாத்தாவுக்குக் காய்ச்சல். அவர் மிகைப்படுத்தவில்லை. 1943-இல் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர் என்று அந்த ராணுவத்தின் தளபதி ஸ்லிம்மே கணக்குச் சொல்லியிருக்கிறார். மலேரியா வந்தவரை இந்தியாவுக்கு அனுப்பினால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும், அதனால் போர்முனைக்குச் சில மைல் பின்னாலேயே கூடாரமும் மூங்கில் கொட்டகையும் போட்டுப் பார்த்துச் சில வாரங்களில் திருப்பி அனுப்பினார்கள். மலேரியா வராமல் இருக்கத் தினமும் மெப்பாகிரின் மாத்திரை வேறு. உடம்பு மஞ்சளாகிவிடும், ஆண்மை போய்விடும் என்று ஒரு புரளி கிளம்ப, சிப்பாய்கள் வாயில் அதக்கிவைத்துப் பின்னால் போய்த் துப்பிவிடுவார்களாம். விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது தாத்தாவின் வேலை. ஸ்லிம் திடீர் சோதனை வைத்து, மாத்திரை சரியாகக் கொடுக்காத மூன்று படைத்தலைவர்களைப் பதவியிலிருந்தே தூக்கினார். டாக்டர் பேச்சுக்குப் பட்டாளத்தில் மரியாதை வந்தது அப்புறம்தான்.

ஆனால் தாத்தா குரல் மாறுவது உண்ணிக் காய்ச்சல் பற்றிப் பேசும்போது. ஸ்கிரப் டைபஸ் என்பார்களே, அதுதான். அதற்கு அப்போது மருந்தே கிடையாது, குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்று தெரிந்தது 1948-இல். டாக்டர் வந்து பார்ப்பார், நாடி பிடிப்பார், ஆர்டர்லியிடம் 'தண்ணீர் கொடு, உடம்பைத் துடை, புரட்டிப் படுக்க வை, பக்கத்திலேயே இரு' என்பார், அவ்வளவுதான் அவரால் முடியும். ராத்திரி முழுக்கப் பிதற்றுகிறவனைப் பிடித்துக்கொண்டு, ஸ்பூனில் தண்ணீர் விட்டுப் பிழைக்க வைத்தவர்கள் இந்த ஆர்டர்லிகள்தான். போர் வரலாறு எழுதுகிறவர்கள் சர்ஜனைப் பற்றி எழுதுகிறார்கள், இவர்களை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது.

பல் டாக்டர் விஷயம் கேட்டிருந்தீர்கள். இந்திய ராணுவத்தில் பல் மருத்துவத்துக்கென்று தனிப் பிரிவு வந்ததே 1941-இல்தான். மரத்தடியில் ஒரு மடக்கு நாற்காலி, காலால் மிதித்துப் பல்லைத் துளைக்கும் இயந்திரம், தையல் மிஷின் மாதிரி. மிதிக்கிறவர் சோர்ந்தால் ஊசி மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றினால் வலி உயிர் போகும். தாத்தாவும் மிதித்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே வேகத்தை விடாமல் மிதிப்பேன் என்பார். சொத்தைப் பல்லோடு இருக்கிறவனால் ராணுவ பிஸ்கட்டைக் கடிக்க முடியாது, சாப்பிடாதவனால் நடக்க முடியாது, அதனால் அடைக்க நேரமில்லை என்றால் பிடுங்கிவிடுவார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பர்மாத் தமிழர்களில் நிறையப் பேர், ஜப்பானோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்த நேதாஜி படையில் இருந்தவர்கள். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியே சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர்தான். பர்மாவின் மலையூரான மேமியோவில் இருந்த ஆஸ்பத்திரியில் அந்தப் படைப் பெண்கள் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். இம்பாலிலிருந்து பின்வாங்கியவர்களுக்குச் சோறும் இல்லை, மருந்தும் இல்லை. எங்கள் பக்கம் மாத்திரையைத் துப்பினார்கள், அந்தப் பக்கம் மாத்திரைக்கு ஏங்கினார்கள் என்று தாத்தா வருத்தப்பட்டுச் சொல்வார். அந்த டாக்டர்கள் வெறுங்கையோடு எப்படிச் சமாளித்தார்கள் என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள்.