சைக்கிள் ஃப்ரேம் செய்பவர் கண்காட்சியில் ஸ்டால் போடுவது பலன் தருமா?

கேள்வி: கையால் ஸ்டீல் ஃப்ரேம் செய்து விற்க ஆரம்பித்திருக்கிறேன். இங்கிலாந்தின் பெஸ்போக்ட் போன்ற கைவினை சைக்கிள் கண்காட்சியில் ஸ்டால் போட்டால் செலவுக்கு ஈடாக ஆர்டர் வருமா?

ஆர்டரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கட்டுப்படியாவது கஷ்டம். இருந்தாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். நானும் இங்கே இங்கிலாந்தில் ஃப்ரேம் செய்து பிழைப்பவன்தான்.

ஸ்டாலில் நின்று பேசிவிட்டு அங்கேயே அட்வான்ஸ் கொடுப்பவர்கள் குறைவு. தன் உடம்பு அளவுக்கு ஃப்ரேம் செய்துகொள்ள நினைப்பவர் நிதானமாகத்தான் முடிவெடுப்பார். உங்கள் ஸ்டாலில் பார்த்ததை மனதில் வைத்திருந்து, பல மாதம் கழித்து ஒருநாள் போன் செய்வார். அதனால் விலையையும் காத்திருக்க வேண்டிய காலத்தையும் கூச்சப்படாமல் அட்டையில் எழுதி வையுங்கள். விலை தெரியாவிட்டால் பாதிப் பேர் கேட்கத் தயங்கி நகர்ந்துவிடுவார்கள்.

நான் போகச் சொல்வதற்குக் காரணம் வேறு. பட்டறையில் நாம் தனியாளாக வேலை செய்கிறோம். இணைப்பு நன்றாக வந்திருக்கிறதா என்று சொல்லக்கூடிய கண்கள் பக்கத்தில் இல்லை. கண்காட்சியில் அந்தக் கண்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பொதுமக்கள் முதலில் பெயின்டைப் பார்ப்பார்கள். தொழில் தெரிந்தவர் நேராகக் குனிந்து பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டின் அடியைப் பார்ப்பார், பிறகு சீட் டியூப் மேல்முனையை விரலால் தடவுவார். அந்த விரல் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்.

அதற்காகவே பெயின்ட் அடிக்காத ஃப்ரேம் ஒன்றைக் கட்டாயம் எடுத்துப்போங்கள். குழாய்களை இணைக்க உருக்கி ஊட்டும் வெள்ளிக் கலவை 700 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே உருகி ஓடும்; பித்தளைக்கு 900 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். குழாய்களைச் செருகும் உலோக மூட்டான லக்கின் ஒரு விளிம்பில் ஊட்டிய வெள்ளி மறு விளிம்பில் எட்டிப் பார்த்தால்தான் உள்ளே முழுக்கப் பரவியிருக்கிறது என்று அர்த்தம். லக் இல்லாமல் மூட்டில் பித்தளையை வளைவாக நிரப்பும் ஃபிலெட் பிரேசிங் என்றால் பித்தளையை அரத்தால் ராவும்போது பக்கத்துக் குழாயையும் ராவியிருக்கிறோமா என்று பார்ப்பார்கள். முனையில் 0.8 மில்லிமீட்டர், நடுவில் 0.5 என்று இருக்கும் குழாயில் அரம் ஆழமாக இறங்கினால் அந்த இடத்தில்தான் பிற்பாடு விரிசல் விடும். பெயின்ட் இதையெல்லாம் மூடிவிடும். வெற்று ஸ்டீலில் கை பட்டால் துரு வரும். எண்ணெய் தடவிய துணி ஒன்றை ஸ்டாலில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

பக்கத்தில் டைட்டானியம் ஸ்டால் இருந்தால் அதன் வெல்டிங்கையும் நிதானமாகப் பாருங்கள். வெல்டிங் தையல் வெள்ளி நிறமாகவோ இளம் வைக்கோல் நிறமாகவோ இருந்தால் ஆர்கான் வாயு காற்று படாமல் சரியாகப் பாதுகாத்திருக்கிறது. நீலமும் சாம்பலும் ஏறியிருந்தால் காற்று புகுந்திருக்கிறது.

அப்புறம் பெரியவர்களிடம் பேசுங்கள். சைக்கிள் குழாய் செய்யும் இங்கிலாந்து நிறுவனமான ரெனால்ட்ஸின் 753 குழாய் வந்த காலத்தில், மாதிரி இணைப்பு செய்து அனுப்பி அந்த நிறுவனத்திடம் தேர்ச்சி பெற்றவர்களுக்குத்தான் குழாயே கிடைக்கும். சூடு மிஞ்சினால் அதன் பலம் போய்விடும் என்பதால் அந்தக் கண்டிப்பு. அந்தத் தேர்வில் தேறிய ஒருவருடன் பத்து நிமிடம் பேசினால், சுடரை எங்கே நிறுத்த வேண்டும் என்பதில் எந்த வீடியோவிலும் இல்லாத தெளிவு வரும். எனக்கு வந்தது. குழாய் செய்யும் நிறுவனங்களும் ஸ்டால் போடுவது உண்டு. எந்த எடையுள்ள ஆளுக்கு எந்தத் தடிமன் என்று அவர்களிடமே கேட்டுவிடலாம்.

பெஸ்போக்ட் 2011-ல் பிரிஸ்டலில் தொடங்கியது. அந்த ஊர் டெம்பிள் மீட்ஸில் பொறியாளர் புரூனல் கட்டி 1840-ல் திறந்த பழைய ரயில் நிலையத்தில் அது நடந்த ஆண்டுகள்தான் எனக்குப் பிடித்தவை. அவ்வளவு பெரிய மரக் கூரைக்கு அடியில் ஒல்லியான குழாய்களை நிறுத்திப் பார்ப்பதே தனி சந்தோஷம்.

பரிசுக்கென்று அலங்கார சைக்கிள் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாடிக்கையாளர் ஒருவருக்குச் செய்ததை, ஒப்படைக்கும் முன் அவர் சம்மதத்தோடு கொண்டுபோய் வையுங்கள். தினமும் வேலைக்குப் போக, மழையில் ஓட்ட ஒருவர் கேட்டு வாங்கிய சைக்கிள் என்றால் பார்ப்பவருக்கு அதில் தன்னைப் பொருத்திப் பார்க்க முடியும். மட்கார்டுக்கும் அகலமான டயருக்கும் எவ்வளவு இடம் விட்டீர்கள் என்றுதான் கேட்பார்கள், அதிலிருந்து பேச்சு வளரும்.

இன்னொன்று, பெயின்டரிடம் இப்போதே தேதி வாங்குங்கள். கண்காட்சிக்கு முந்தைய வாரங்களில் எல்லா ஃப்ரேமும் அதே சில பேரிடம்தான் வரிசையில் நிற்கும். முதல் வருடம் முழு ஸ்டால் வேண்டாம். புதியவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் தெரிந்த ஒருவருடன் பாதி பாதி எடுங்கள். ஒருவர் ஸ்டாலில் நின்றால் மற்றவர் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம்.