வாசகர் கேள்வி-பதில்: ஜீனோமிலிருந்து புரத வடிவம்

கேள்வி: அம்பாசமுத்திரம் நெல்வயல் மண்ணில் பிரித்தெடுத்த பாக்டீரியாவின் ஜீனோமில், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் (பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கும் நொதி) என்று நாங்கள் கருதும் மரபணுவை, புரத வடிவத்தைக் கணிக்கும் கோலாப்ஃபோல்ட் மென்பொருளில் கொடுத்தோம். கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்று 100-க்குச் சொல்லும் பிஎல்டிடிடி மதிப்பெண் 50-ஐத் தாண்டவில்லை. படம் இடியாப்ப இழை போலப் பிரிந்து கிடக்கிறது. மென்பொருள் கோளாறா?
- கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: மென்பொருளை விடுங்கள், முதலில் நீங்கள் கொடுத்த வரிசையைப் பாருங்கள். மரபணு எதிர் இழையில் இருந்தால் வரிசையைத் திருப்பி, ஏ-டி, ஜி-சி இணை மாற்றிய பிறகே மொழிபெயர்க்க வேண்டும். ஓர் எழுத்து தள்ளிப் படித்தாலும் புரதமே வேறாகிவிடும். நடுவில் நிறுத்தக் குறிகள் (புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் மூன்றெழுத்துகள்) தெரிந்தால் இதுதான் காரணம். மரபணு எழுத்துகளை அமினோ அமிலங்களாக மாற்றும் மரபுக்குறி அட்டவணைகளில், பாக்டீரியாவுக்கு 11-ஐத் தேர்ந்தெடுங்கள். ஜிடிஜி, டிடிஜி-யில் தொடங்கினாலும் முதல் அமினோ அமிலம் மெத்தியோனின்தான். மரபணுக்களைக் கண்டுபிடிக்கும் புரோடிகல் மென்பொருள் இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். வரிசையின் கடைசியில் வரும் நட்சத்திரக் குறியை நீக்கிவிடுங்கள்.

அடுத்து, புரத வரிசைத் தரவுத்தளமான யூனிபுராட்டில் பிளாஸ்ட் (ஒத்த வரிசைகளைத் தேடும் கருவி) தேடல். அதே வரிசை அங்கே இருந்தால் கணிக்கவே தேவையிருக்காது. கோலாப்ஃபோல்ட் உள்ளே பயன்படுத்தும் கணிப்பு மென்பொருள்தான் ஆல்ஃபாஃபோல்ட்; 2021-இல் தொடங்கிய அதன் தரவுத்தளத்தில் 20 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்கள் இலவசமாகக் கிடக்கின்றன.

வரிசை சரியாக இருந்தும் மதிப்பெண் குறைந்தால், கோலாப்ஃபோல்ட் தரும் ஒப்பீட்டு வரைபடத்தைப் பாருங்கள். இந்தக் கணிப்பின் உயிர் அங்கேதான். பல உயிரினங்களின் உறவுப் புரதங்களை அடுக்கிப் பார்க்கையில், இரண்டு இடங்கள் சேர்ந்தே மாறிவந்தால் அவை மடிப்பில் அருகருகே இருக்க வாய்ப்பு அதிகம். ஏறத்தாழ 30 வரிசைகளுக்குக் கீழே போனால் துல்லியம் சரிந்துவிடும். உலகெங்கும் ஆய்வாளர்கள் பொதுவில் போட்டுவைத்த வரிசைகளை நம்பியே இது நடக்கிறது. உங்கள் ஜீனோமையும் அவசியம் பதிவேற்றுங்கள்.

தொடக்க முனையில் மட்டும் 20, 30 அமினோ அமிலங்கள் குறைந்த மதிப்பெண் வாங்கினால் பயப்பட வேண்டாம். செல்லுக்கு வெளியே போகும் புரதத்தில் அது வெட்டி எறியப்படும் சிக்னல் பகுதியாக இருக்கலாம். அதைக் கண்டறியும் சிக்னல்பி கருவியில் சோதித்து, நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கேள்வி: ஓர் அமினோ அமிலத்தை மாற்றிக் கணித்தேன், வடிவம் மாறவில்லை. நொதி வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளலாமா?
- ஆய்வு மாணவர், தென்காசி

பதில்: கூடாது. புரதத்தையே குலைத்துவிடும் மாற்றத்துக்கும் ஆல்ஃபாஃபோல்ட் பெரும்பாலும் பழைய வடிவத்தையே தரும். உங்கள் புரதமும் பாஸ்பட்டேஸ் என்றால் இன்னொன்று: ஈ.கோலையின் ஆல்கலைன் பாஸ்பட்டேஸில் வினை நடக்கும் இடத்தில் இரண்டு துத்தநாக அயனிகளும் ஒரு மக்னீசிய அயனியும் உண்டு. ஆல்ஃபாஃபோல்ட் 2 அவற்றைக் காட்டாது. ஆல்ஃபாஃபோல்ட் 3 சர்வரில் அயனிகளையும் சேர்த்துக் கொடுக்கலாம். மாற்றிய அமினோ அமிலம் அவற்றைப் பிடித்திருப்பதா என்று பாருங்கள். நொதி வேலை செய்கிறதா என்பதை பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட் சோதனையில் மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.