மகளின் கல்விக்கடனை அடைக்கலாமா, வரிச்சலுகைக்காக வைத்திருக்கலாமா?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை, ஆண்டுச் சம்பளம் 15 லட்சம் ரூபாய். சொந்த வீடு, வீட்டுக்கடன் முடிந்துவிட்டது. மகள் பொறியியல் முடித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், அவளுக்கு ஆண்டுக்கு 6.5 லட்சம். அவள் படிப்புக்கு வாங்கிய கல்விக்கடன் வட்டியோடு சேர்ந்து 12 லட்சமாக நிற்கிறது. வட்டி 10.5 சதவீதம் (ஃப்ளோட்டிங்), 10 ஆண்டுத் தவணை, அடுத்த மாதம் தொடங்குகிறது. நானும் இணைக் கடன்தாரர். எஃப்.டி.யில் 11 லட்சம் இருக்கிறது. மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், வெளிநாட்டில் படிக்க ஆசைப்படுகிறான். நாடாளுமன்றத்தில் புதிய வருமான வரிச் சட்டம் நிறைவேறியபோதே கல்விச் சலுகைகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அலுவலக நண்பரோ, கல்விக்கடனை முன்கூட்டி அடைக்காதீர்கள், 80இ பிரிவில் (கல்விக்கடன் வட்டிக்கான வரிக்கழிவு) வருடத்துக்கு 37,000 மிச்சமாகும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். எஃப்.டி.யிலிருந்து 5 லட்சத்தை எடுத்துக் கடனில் கட்டுங்கள், வரியில் புதிய முறையிலேயே (வரி விகிதம் குறைவு, கழிவுகளும் குறைவு; பழைய முறையில் இரண்டும் அதிகம்) இருங்கள். ஏன் என்று சொல்கிறேன், கணக்கோடு.

முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. புதிய வருமான வரி மசோதா 2025 பிப்ரவரி 13 அன்று மக்களவையில் அறிமுகமானது, பைஜயந்த் பாண்டா தலைமையிலான தேர்வுக் குழுவுக்குப் போனது, குழு ஜூலையில் அறிக்கை கொடுத்தது, பழைய மசோதாவைத் திரும்பப் பெற்றுத் திருத்திய மசோதாவை ஆகஸ்ட் 11 அன்று கொண்டுவந்து அன்றைக்கே மக்களவையில் நிறைவேற்றினார்கள், மறுநாள் மாநிலங்களவையும் முடித்தது. 2026 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறை. கல்விக்கடன் வட்டிக் கழிவு அதில் போகவில்லை. பிரிவு எண் மாறுகிறது, சலுகை அப்படியே இருக்கிறது, ஆனால் முன்பு போலவே பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டும்தான். ஒவ்வொரு குடும்பத்தின் சம்பளத்தையும் தொடுகிற ஒரு சட்டம் மக்களவையில் அமளிக்கு நடுவே சில நிமிடங்களில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது எனக்கு வருத்தம்தான். உட்கார்ந்து பேசியிருந்தால் எது இருக்கிறது எது போனது என்று மக்களுக்குத் தெரிந்திருக்கும், இப்படி வதந்தி கிளம்பியிருக்காது.

அடுத்து நண்பர் சொன்ன 37,000. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உங்கள் கடனுக்கு முதல் ஆண்டு வட்டி சுமார் 1.2 லட்சம், பழைய முறையில் உங்கள் வருமானத்தின் மேல் பகுதிக்கு 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும், ஆக 1.2 லட்சத்துக்கு 37,440 ரூபாய். கணக்கு சரிதான், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 37,440-ஐ வாங்க நீங்கள் பழைய முறைக்குள் போக வேண்டும், அங்கே போவதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைத்தான் அவர் சொல்லவில்லை.

2025-26 நிதியாண்டுக்கு, சம்பளத்தை மட்டும் வைத்துப் போடுவோம். புதிய முறையில் சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் கிடைக்கும் 75,000 நிலைக் கழிவு போக 14.25 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10, மீதி 2.25 லட்சத்துக்கு 15. எல்லாம் சேர்த்து 93,750, செஸ்ஸோடு 97,500 ரூபாய். (12 லட்சம் வரை வரி இல்லை என்றால் அதற்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும் கட்டினால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கான தள்ளுபடி, கொஞ்சம் தாண்டியவர்களுக்கு ஒரு சிறு நிவாரணம் உண்டு, உங்கள் அளவு சம்பளத்துக்கு வரி 4 லட்சத்திலிருந்தே தொடங்கும்.) இதே சம்பளத்துக்கு முந்தைய ஆண்டில் புதிய முறை வரி 1.30 லட்சம், ஆக 2025 பட்ஜெட்டில் உங்களுக்குக் குறைந்தது 32,500.

இப்போது பழைய முறை. 50,000 நிலைக் கழிவு, பி.எஃப், மகனின் பள்ளி டியூஷன் கட்டணம் எல்லாம் சேர்த்து 80சி (சேமிப்பு, பள்ளிக் கட்டணம் போன்றவற்றுக்கான கழிவு) பிரிவில் முழு 1.5 லட்சம், மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000, கல்விக்கடன் வட்டி 1.2 லட்சம். எல்லாவற்றையும் தாராளமாகவே கழித்துவிட்டேன். மீதி 11.55 லட்சத்துக்கு வரி 1.59 லட்சம், செஸ்ஸோடு 1,65,360 ரூபாய். புதிய முறையை விட 67,860 அதிகம். 37,440 மிச்சப்படுத்தப் போய் 67,860 கூடுதலாகக் கட்டுவீர்கள். எஃப்.டி. வட்டியையும் வருமானத்தில் சேர்த்தால் இடைவெளி இன்னும் கூடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள், எச்ஆர்ஏ (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி) இருந்தால்? இதே கணக்கில் 2.4 லட்சம் எச்ஆர்ஏ விலக்கு கிடைத்தாலும் பழைய முறை வரி 99,320 வருகிறது, அப்போதும் புதிய முறைதான் 1,820 ரூபாய் குறைவு. 15 லட்சம் சம்பளத்துக்குப் பழைய முறை லாபமாக வேண்டுமென்றால் நிலைக் கழிவு போக ஏறக்குறைய 5.44 லட்சத்துக்கு மேல் கழிவுகள் வேண்டும். வீட்டுக்கடன் வட்டியும் பெரிய எச்ஆர்ஏவும் சேர்ந்து இருக்கிற சில பேருக்கு அது சாத்தியம், சொந்த வீட்டில் கடனில்லாமல் இருக்கும் உங்களுக்கு இல்லை.

சரி, மகள் கட்டினால் அவள் 80இ கேட்கலாமே என்று தோன்றும். கேட்கலாம், ஆனால் அவளுக்கு 6.5 லட்சம் சம்பளத்தில் புதிய முறையில் வரியே வராது. இல்லாத வரியில் எதைக் கழிப்பது? ஆக உங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே அந்தச் சலுகையால் இப்போதைக்கு ஒரு ரூபாய் பிரயோஜனம் இல்லை.

இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம். 2025 மார்ச்சில் நிதி மசோதா மீது இரு அவைகளிலும் பேசியபோது 12 லட்சம் என்ற எண்தான் பெரிதாகக் காதில் விழுந்தது. நேரடி வரியில் அரசுக்கு சுமார் 1 லட்சம் கோடி வருவாய் குறையும் என்று நிதியமைச்சர் பட்ஜெட்டிலேயே சொல்லியிருந்தார், அது நடுத்தரக் குடும்பங்களின் கையில் நிற்கும் பணம், மறுக்கவில்லை. ஆனால் கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைக்கும் குடும்பத்துக்கும் அப்படி எந்தச் சுமையும் இல்லாத குடும்பத்துக்கும் புதிய முறை ஒரே வரியைத்தான் போடுகிறது. கல்விக்கடன் வட்டியையாவது அதில் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சேர்க்கவில்லை, அதனால் இருக்கிற விதியை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அப்படி எடுத்தால் கடனை அடைக்கும் கணக்கே மாறிவிடுகிறது. சலுகை கிடைத்த காலத்தில் 10.5 சதவீதக் கடனின் நிஜச் செலவு 7 சொச்சம்தான், அதனால் மெதுவாகக் கட்டுங்கள் என்பது நல்ல ஆலோசனையாக இருந்தது. இன்றைக்கு உங்களுக்கு 10.5 என்றால் 10.5. எஃப்.டி. 7 சதவீதம் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் வரி போக உங்கள் கையில் நிற்பது 5.9. 5.9-க்குப் பணத்தைத் தூங்கவிட்டு 10.5-க்குக் கடன் கட்டுவது எந்த வகையிலும் சரியில்லை.

12 லட்சத்துக்கு 10 ஆண்டு என்றால் தவணை சுமார் 16,190 வரும், மொத்த வட்டி சுமார் 7.43 லட்சம். தொடக்கத்திலேயே 5 லட்சத்தைக் கட்டிவிட்டு அதே 16,190-ஐத் தொடர்ந்தால் கடன் நாலரை ஆண்டுக்குச் சற்று மேலே முடிந்துவிடும், வட்டி சுமார் 1.83 லட்சம்தான். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: மொத்தமாக ஒரு தொகை கட்டினால் வங்கி தவணையைக் குறைத்துக் காலத்தை அப்படியே வைத்துவிட வாய்ப்பு உண்டு. அப்படிச் செய்தால் பாதிப் பலன் போய்விடும். தவணை மாறக்கூடாது, காலம்தான் குறைய வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, திருத்திய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஃப்ளோட்டிங் வட்டியில் தனிநபர் வாங்கிய இந்த மாதிரிக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, யாராவது கேட்டால் அதைச் சொல்லுங்கள். தவணையை மகள் கட்டட்டும், அவள் கடன் வரலாறு அவள் பெயரில் வளரட்டும். மீதி 6 லட்சம் எஃப்.டி.யைத் தொடாதீர்கள், அது வீட்டு அவசரத்துக்கும் மகனின் முதல் வருடச் செலவுக்கும்.

அலுவலகத்தில் எந்த முறை என்று கேட்டால் புதியது என்றே எழுதிக் கொடுங்கள். சம்பளக்காரர்கள் இதை ஆண்டுக்காண்டு மாற்றலாம், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போதுகூட மாற்றிக்கொள்ளலாம், அதனால் பயப்பட ஒன்றுமில்லை. தொழில் வருமானம் உள்ளவர்களுக்குத்தான் அந்தச் சுதந்திரம் இல்லை.

அப்புறம், பொதுவாகவே நாடாளுமன்றச் செய்தியைக் கேட்டதும் பணத்தை நகர்த்தும் பழக்கம் வேண்டாம். 2024 ஜூலை பட்ஜெட்டில் வீடு, மனை விற்றால் பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தி லாபத்தைக் கணக்கிடுவது) இனி கிடையாது என்றார்கள். பிள்ளைகள் படிப்புக்கு மனையை நம்பியிருந்த குடும்பங்கள் கலங்கிப்போயின. எதிர்ப்பு கிளம்பியது, ஆகஸ்ட் 7 அன்று மக்களவையில் நிறைவேறியபோது 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்குச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதமா, அதோடு சேர்த்து 20 சதவீதமா, எது குறைவோ அதைக் கட்டலாம் என்று திருத்தம் வந்தது. பட்ஜெட் உரைக்கும் மசோதா நிறைவேறுவதற்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில வாரங்களில் இப்படி மாறுவது உண்டு. காப்பீட்டு பிரீமியத்துக்கான ஜிஎஸ்டி வேறு மாதிரி. 2024 ஆகஸ்டில் எதிர்க்கட்சிகள் நாடாளுமன்ற வளாகத்தில் போராடின, ஆனால் முடிவெடுக்க வேண்டியது ஜிஎஸ்டி கவுன்சில், தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு வரி போனது 2025 செப்டம்பர் 22-ல். நோட்டு, பென்சிலுக்கும் அன்றைக்குத்தான் போனது. வரி போகட்டும் என்று பாலிசி எடுப்பதை ஓராண்டு தள்ளிப்போட்டவர்கள் அந்த ஓராண்டும் பாதுகாப்பில்லாமல் இருந்தார்கள்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிசிஎஸ்ஸில் 2025 பட்ஜெட் நல்ல மாற்றம் கொண்டுவந்தது. ஓர் ஆண்டில் 10 லட்சம் வரை அனுப்பினால் பிடித்தம் இல்லை (முன்பு 7 லட்சம்), வங்கி போன்ற குறிப்பிட்ட நிதி நிறுவனத்தில் வாங்கிய கல்விக்கடனிலிருந்து அனுப்பினால் எவ்வளவு அனுப்பினாலும் பிடித்தமே இல்லை. பிடித்தாலும் அது தனி வரி அல்ல, உங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், அலுவலகத்தில் தெரிவித்தால் சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ்ஸையே அதற்கேற்ப குறைத்துக்கொள்வார்கள். ஆனால் அவன் கிளம்ப இன்னும் இரண்டு பட்ஜெட் இருக்கிறது, இன்றைய வரம்பை நம்பி இப்போதே எந்தத் தொகையையும் முடக்க வேண்டாம். அவன் பிளஸ் டூ முடிக்கும் ஆண்டு மார்ச் கடைசியில் நிதி மசோதா நிறைவேறியபின், அன்றைக்கு இருக்கும் விதியை வைத்து எவ்வளவு கடன், எவ்வளவு கைப்பணம் என்று பிரித்துக்கொள்ளலாம்.