எக்டோபிளாசம்: ஒரு சொல், இரண்டு பொருள்

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகன், அமீபாவின் உடலில் ‘எக்டோபிளாசம்’ என்ற பகுதி உண்டு என்கிறான். ஆவிகளைப் பற்றிய காணொளி ஒன்றிலோ, பேய் உருவெடுக்கும்போது வெளிப்படும் வெண்ணிறப் பொருளுக்கு அதே பெயரைச் சொல்கிறார்கள். ஆவிகள் உலவுவதாகக் கருதப்படும் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் பிறந்துவிட்டதால் என் மாமியார் அதை உண்மையென்றே நம்புகிறார். இரண்டும் ஒன்றா?
– வாசகி, தோ பாயோ, சிங்கப்பூர்

பதில்: இல்லை. பெயர் மட்டுமே ஒன்று. கிரேக்க மொழியில் ‘எக்டோஸ்’ என்றால் வெளியே. ‘பிளாஸ்மா’ என்றால் உருவாக்கப்பட்டது.

உயிருள்ள அமீபாவை நுண்ணோக்கியில் பார்த்தால், துகள்கள் நிறைந்த உட்பகுதியைச் சுற்றிக் கண்ணாடிபோல் தெளிந்த மெல்லிய விளிம்பு தெரியும். அந்த விளிம்பே எக்டோபிளாசம். உள்ளே இருப்பது எண்டோபிளாசம். வெளியடுக்கு கூழ்போல் சற்று இறுகியிருக்கும். உட்பகுதி எளிதில் ஓடும். அமீபா நகர முற்படும்போது முதலில் தெளிந்த பகுதி புடைத்து முன்னே நீள, அதன்பின் துகள்கள் கலந்த திரவம் அதனுள் பாய, பொய்க்கால் உருவாகிறது. வெளியடுக்கின் இறுக்கத்திற்கு ஆக்டின் என்னும் புரத இழைகளின் வலைப்பின்னல் முக்கியக் காரணம்.

இச்சொல்லை ஆவியுலகப் பேச்சுக்குள் கொண்டுசென்றவரும் ஓர் அறிவியலாளர் என்பதே எனக்கு வருத்தம் தருகிறது. பிரெஞ்சு உடலியல் அறிஞர் ஷார்ல் ரிஷே, கடும் ஒவ்வாமை அதிர்ச்சி குறித்த ஆய்வுக்காக 1913இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு பெற்றவர். ஆவிகளுடன் பேசுவதாகச் சொன்னவர்களின் உடலிலிருந்து வெளிப்படுவதாகக் கருதப்பட்ட பொருளுக்கு அவர் இப்பெயரைச் சூட்டினார். அத்தகைய அறிஞரின் வாயிலிருந்து வந்ததால், சொல்லுக்கு இருந்த மதிப்பு அந்தப் பொருளுக்கும் கிடைத்துவிட்டது.

தமிழில் ‘ஆவி’ என்பது உயிரையும் குறிக்கும், இட்டிலிப் பானையிலிருந்து எழும் நீராவியையும் குறிக்கும், இறந்தவரின் உருவத்தையும் குறிக்கும். அதைக் கையில் பிடிக்கலாம் என்று நம் பாட்டிமார் சொன்னதில்லை. எக்டோபிளாசமோ தொடவும் படமெடுக்கவும் கூடிய பொருள் என்று கூறப்பட்டது. ஆகவே அதைச் சோதிக்க முடிந்தது. வெளிச்சம் பட்டால் ஆவியோடு பேசுபவரின் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, ஆவிகளை அழைக்கும் கூட்டங்களை இருட்டிலோ மங்கிய சிவப்பு விளக்கிலோ நடத்தினார்கள். அந்த நிபந்தனையே ஏமாற்றுக்குப் போதிய சான்றாக எனக்குத் தோன்றுகிறது.

ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹெலன் டங்கனை 1931இல் லண்டனில் சோதித்தார், இத்தகைய கூற்றுகளை ஆராய்ந்துவந்த ஹாரி பிரைஸ். டங்கன் சல்லாத் துணியை முன்கூட்டியே விழுங்கி, கூட்டத்தில் வெளியே எடுக்கிறார் என்று முடிவு செய்தார். எடுத்த படங்களில் துணியின் நெசவும் மடிப்பும் தெரிந்தன. 1944இல், ஆவிகளை வரவழைப்பதாகப் பாசாங்கு செய்தார் என்று 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டத்தின்கீழ் டங்கனுக்கு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய ‘எக்டோபிளாசம்’ என்று பாதுகாக்கப்படும் ஒன்று இன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அது வெறும் துணி. போர்க்காலத்தில் மகனை இழந்து, ஒருமுறையாவது அவன் முகத்தைக் காணமாட்டோமா என்று அந்த இருட்டறைகளுக்கு வந்த தாய்மார்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

உங்கள் மாமியாரிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். உங்கள் புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) கீழே சீன அண்டைவீட்டார் தாள்களை எரித்துப் படையலிடுவது மூதாதையரையும் போக்கிடமற்ற ஆவிகளையும் நினைத்துச் செய்யும் வழிபாடு. அதற்கும் ஐரோப்பிய இருட்டறைகளில் பிறந்த இந்தக் கதைக்கும் தொடர்பில்லை. மகனிடம், உயிருள்ள அமீபாவைக் காட்ட இயலுமா என்று ஆசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள். சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் அந்தத் திரவ ஓட்டத்தைக் காண முடியாது.