ஓடை உங்கள் நிலத்தில் ஓடுகிறது, தண்ணீர் யாருடையது?

கேள்வி: எச்-1பி விசாவில் டென்வரில் வேலை பார்க்கிறேன். கொலராடோ மலைப்பகுதியான சவுத் பார்க்கில் 320 ஏக்கர் பழைய மாட்டுப் பண்ணை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1880-களில் கட்டிய மர வீடும் கொட்டகையும் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் உள்ளன. நிலத்துக்குள் ஓடை ஓடுகிறது. கூடவே 2,000 ஏக்கர் அரசு மேய்ச்சல் நிலமும் சேரும் என்கிறார் தரகர். பழைய வீட்டில் கை வைக்க முடியுமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வீட்டுக் கவலை சின்னதுதான். அந்தப் பதிவேட்டில் பெயர் இருப்பது கௌரவம். உங்கள் சொந்தப் பணத்தில் வீட்டை மாற்றுவதை, ஏன் இடிப்பதைக்கூட அது தடுக்காது. தடை இருந்தால் கவுண்ட்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) விதியில் இருக்கும், அல்லது நிலத்தை இப்படித்தான் பாதுகாப்பேன் என்று முந்தைய உரிமையாளர் எழுதிக்கொடுத்த கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் ஒப்பந்தத்தில் இருக்கும். வரிச்சலுகைக்காக அப்படி எழுதிக்கொடுத்தவர்கள் கொலராடோவில் நிறையப் பேர். அது நிலத்தோடு ஒட்டியே வரும், உங்கள் பேரன் காலத்திலும் விடாது. நிலத்தின் உரிமை ஆவணங்களைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி தரும் அறிக்கையில் விதிவிலக்குப் பகுதியை வரி விடாமல் படியுங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டதுதான் பெரிய விஷயம்: ஓடைத் தண்ணீர். நம் ஊரில் நஞ்சை வாங்கினால் வாய்க்கால் பாசனமும் கூடவே வரும் என்று நினைத்துப் பழகிவிட்டோம். இங்கே கரையில் நிலம் இருப்பதால் மட்டும் ஒரு சொட்டுக்கும் உரிமை வராது. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முன்னுரிமை என்று 1876-இல் எழுதிய மாநில அரசியல் சாசனமே சொல்கிறது. ஒவ்வொரு உரிமைக்கும் ஒரு முன்னுரிமைத் தேதி உண்டு. வறண்ட கோடையில் 1870-களின் உரிமைக்காரர் தன் பங்கை எடுத்து முடித்த பிறகுதான் 1950-இன் உரிமைக்காரர் மதகைத் திறக்க முடியும்.

அதோடு, தண்ணீர் உரிமை தனிச் சொத்து. நிலத்தை வைத்துக்கொண்டு அதை மட்டும் விற்கலாம். சவுத் பார்க்கிலேயே அது நடந்திருக்கிறது. அங்குள்ள பண்ணைகளின் பாசன உரிமைகளை அரோரா நகரம் குடிநீருக்காக வாங்கியது. அதனால் வாய்க்காலைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தப் பகுதிக்கான தண்ணீர் நீதிமன்றம் கிரீலியில் இருக்கிறது. இந்தப் பண்ணையின் தண்ணீர் உரிமையை உறுதிசெய்த அதன் ஆணை நகலைக் கேளுங்கள். 10 ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடந்தால் உரிமையைக் கைவிட்டதாகக் கருத இடமுண்டு, எனவே எடுத்த தண்ணீரின் ஆண்டுக் கணக்கும் வேண்டும். பத்திரத்தில் ஒவ்வொரு உரிமையையும் பெயர் சொல்லி எழுத வையுங்கள். நில உரிமைக்கான காப்பீடான டைட்டில் இன்சூரன்ஸ் பொதுவாகத் தண்ணீருக்குப் பொறுப்பேற்காது. வீட்டுக்குப் போர்வெல் வேறு கதை. 35 ஏக்கருக்கு மேல் இருப்பதால் அனுமதி பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கனிமம்? 160 ஏக்கர், குடியேறியவர்களுக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்திலும், மீதி 1916 கால்நடை ஹோம்ஸ்டெட் சட்டத்திலும் வந்திருக்கலாம். பின்னதில் அடியில் உள்ள கனிமமெல்லாம் மத்திய அரசுடையது. மூலப் பட்டா நகல்கள் மத்திய அரசின் நில நிர்வாகத் துறையான பிஎல்எம் இணையதளத்தில் இலவசம், அரை மணி நேர வேலை.

சரி, அந்த 2,000 ஏக்கர். தரகர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அது விற்பனைக்குரிய சொத்தே அல்ல, வெறும் மேய்ச்சல் பெர்மிட். பிஎல்எம் நிலமாக இருந்தால், அமெரிக்கக் குடிமகனாகவோ குடியுரிமைக்கு முறையாக மனு செய்தவராகவோ இருக்க வேண்டும். எச்-1பியில் உள்ள உங்கள் பெயருக்கு அது வராது. அதற்கென்று விலையில் ஒரு தொகை ஏற்றியிருந்தால் கழிக்கச் சொல்லுங்கள்.

நிலத்தை வாங்க உங்கள் விசா தடையில்லை. ஆனால் கிரீன் கார்டு இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால், 1978 சட்டப்படி 90 நாளுக்குள் மத்திய வேளாண் துறைக்குப் படிவம் தர வேண்டும். மறந்தால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் போடலாம்.

அப்புறம், மாடு வளர்த்து விற்கும் வேலையில் நீங்களே இறங்குவது விசாவுக்குச் சிக்கல். முதலில் குடிவரவு வழக்கறிஞரிடம் பேசுங்கள். பக்கத்துப் பண்ணைக்காரருக்கு மேய்ச்சல் குத்தகைக்கு விடுவது உங்களுக்கு எளிது. மேய்ச்சல் தொடர்ந்தால், விவசாய நிலத்துக்கான குறைந்த சொத்து வரியும் நீடிக்கும்.