இருபதாயிரத்துக்குள் லேப்டாப்: சர்வீஸ் மேசையிலிருந்து பதில்கள்

கேள்வி: மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு, எப்போதாவது படம். கடையில் 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ் உள்ளதை 19,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். 8 ஜிபி, 512 ஜிபி உள்ளது 33,000. இந்தச் சின்ன வேலைகளுக்கு 14,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத்தான் வேண்டுமா? (ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை)

கொடுங்கள் அம்மா. இப்போது முடியாது என்றால் அடுத்த செமஸ்டருக்கு வாங்கிக்கொள்ளலாம். அந்த 19,000 ரூபாய் மிஷின் மட்டும் வேண்டாம்.

விலையைக் குறைக்கிறவர்கள் எங்காவது கை வைக்கத்தான் செய்வார்கள். கை வைத்த இடத்தை நாம் பின்னால் சரிசெய்துகொள்ள முடியுமா என்பதுதான் என் முதல் கேள்வி. அந்த 64 ஜிபி, எஸ்எஸ்டி என்கிற வேகமான ஸ்டோரேஜ் கிடையாது. விவரத் தாளைத் தேடிப் படித்தால் இஎம்எம்சி என்று போட்டிருக்கும். மலிவு டேப்லெட்டில் இருக்கும் அதே வகைச் சில்லு. போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், கழற்றிப் பெரிதாகப் போட வழியில்லை. அதன் வேகத்துக்கு உச்சவரம்பே நொடிக்கு 400 எம்பி. சாதாரண என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகூட 2,000 எம்பி அளவுக்குப் படிக்கும்.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி ராமும் 64 ஜிபி ஸ்டோரேஜும்தான். பாஸ் மார்க் வாங்கித்தான் பெட்டியை விட்டே வெளியே வருகிறது. விண்டோஸ், ஆபீஸ், இரண்டு அப்டேட் ஏறியதும் சி டிரைவ் சிவப்பாகிவிடும். "வைரஸ் புகுந்துடுச்சு, பாருங்க" என்று என்னிடம் கொண்டுவருவார்கள். திறந்து பார்த்தால் வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. மூச்சு விட இடமில்லை, அவ்வளவுதான்.

இந்த விலையில் சில மிஷின்கள் விண்டோஸ் 'எஸ் மோட்'டில் வரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இல்லாத மென்பொருளை அது ஏற்றவிடாது. செட்டிங்ஸில் போய்க் காசில்லாமல் அதிலிருந்து வெளியே வந்துவிடலாம், பயப்பட வேண்டாம். விண்டோஸ் இல்லாத குரோம்புக் பக்கம் மட்டும் போகாதீர்கள். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது.

சரி, அந்த 33,000 ரூபாய் மிஷினில் என்ன பிராசசர் என்று கேளுங்கள். ஏஎம்டியின் ரைசன் 3 7320யு என்றால், 7-இல் தொடங்கும் எண்ணைப் பார்த்துப் புதுசு என்று மயங்க வேண்டாம். உள்ளே இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. மகளின் வேலைக்கு அது போதும். ஆனால் அதில் ராமைப் பற்றவைத்துத்தான் தர முடியும். இன்று 8 என்றால் கடைசிவரை 8. இன்டெல் கோர் ஐ3 1215யு உள்ள பல மாடல்களில் ராமைக் கூட்டிக்கொள்ள ஸ்லாட் இருக்கும், நான் அதைத்தான் எடுப்பேன். ஸ்லாட் இருக்கிறதா என்று அந்த மாடலுக்கே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. திரை சுமார்தான்; வெளிச்சம் 250 நிட்ஸ் அளவில் இருக்கும், ஜன்னலோரம் உட்கார்ந்தால் மங்கித் தெரியும். நிறமும் சரியாக வராது, சிவப்புச் சேலை செங்கல் நிறத்தில் தெரியும். கணக்குப் போடுகிறவளுக்கு அது பெரிய விஷயமில்லை, ஆனால் 1920க்கு 1080 திரை கட்டாயம். 1366க்கு 768-இல் எக்செல் வரிசைகள் குறைவாகத் தெரியும், ஸ்க்ரோல் செய்தே கை ஓய்ந்துவிடும். அப்புறம் கீல். உடம்பு பிளாஸ்டிக், கீலின் திருகுகள் அந்தப் பிளாஸ்டிக்கில்தான் பிடித்து நிற்கின்றன. மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குகிற பழக்கம் இருந்தால் அந்த இடம் விண்டுவிடும். நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லுங்கள்.

டேலியிலும் எக்செல்லிலும் இதற்கும் 60,000 ரூபாய் மிஷினுக்கும் மகளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

கேள்வி: பெட்டியில் 10 மணி நேரம் பேட்டரி என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? (ஒரு வாசகர், சிதம்பரம்)

திரை வெளிச்சத்தைக் குறைத்து, வீடியோவை மட்டும் ஓடவிட்டு எடுக்கிற கணக்கு அது. பேட்டரியில் எத்தனை வாட்-அவர், அதாவது அதன் கொள்ளளவு எவ்வளவு என்று பாருங்கள். மலிவு ரகத்தில் 40 சொச்சம் இருக்கும். பிரௌசர் வேலைக்கு 8 வாட் இழுத்தால் 5 மணி நேரம். வீடியோ காலில் 13 வாட் இழுத்தால் 3 மணி நேரம்.

கேள்வி: 20,000 ரூபாய்தான் இருக்கிறது. கம்பெனிகள் கழித்த பழைய லேப்டாப் வாங்கலாமா? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

தாராளமாக. அந்தக் காசுக்குப் புது மிஷினில் கிடைக்காத கீலும் கீபோர்டும் அதில் கிடைக்கும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக அங்கிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இன்னொரு லாபமும் உண்டு: ஏழாம் தலைமுறை ஐ5 7200யு-வில் இரண்டு கோர், அடுத்து வந்த எட்டாம் தலைமுறை 8250யு-வில் நான்கு.

பேட்டரி தேய்ந்துதான் இருக்கும், புதிது போடும் செலவையும் சேர்த்தே பேரம் பேசுங்கள். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் செட்டிங்ஸுக்குள் போய்ப் பாருங்கள். பழைய கம்பெனி போட்ட பாஸ்வேர்ட் கேட்டால், எடுக்கச் சொல்லிவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.